பொதுக் கொள்கை மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பது எப்படி: ஒருமுறை கோட்டை விட்டவன் எழுதும் முழுமையான வழிகாட்டி

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தத் துறையில் இரண்டு பட்டங்கள் அதிகம் புழங்குகின்றன. ஒன்று எம்.பி.பி., அதாவது மாஸ்டர் ஆஃப் பப்ளிக் பாலிசி. இன்னொன்று மாஸ்டர் ஆஃப் பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன். இதைத் தமிழில் சுருக்கினால் எம்.பி.ஏ. என்றுதான் வரும், பிசினஸ் படிப்புக்கும் இதற்கும் எழுத்தில் வித்தியாசமே தெரியாது. என் அம்மா "பையன் எம்.பி.ஏ. படிக்கப் போறான்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார், இன்றுவரை பக்கத்து வீட்டு மாமா எந்த பேங்க்கில் வேலை என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எம்.பி.பி. கொஞ்சம் ஆய்வு, கணக்குப் பக்கம் சாயும். மற்றது கொஞ்சம் நிர்வாகப் பக்கம். ஆனால் இதை நம்பி முடிவெடுக்காதீர்கள், பள்ளிக்குப் பள்ளி மாறும் (பள்ளி என்று நான் சொல்வது பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பை நடத்தும் பிரிவை). பாடப் பட்டியலைத் திறந்து பார்ப்பது ஒன்றுதான் வழி.

நான் இரண்டு முறை விண்ணப்பித்தவன். முதல் முறை ஆறு இடங்களுக்குப் போட்டு ஐந்து நிராகரிப்பு வந்தது, ஆறாவது இடம் சீட் கொடுத்தது, காசு கொடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து மறுபடி போட்டபோது உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. நடுவில் என் மதிப்பெண் மாறவில்லை. மாறியது என்ன என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

இந்தப் படிப்பு உங்களுக்கு வேண்டுமா?

நம்மூரில் பலர் இதை ஐஏஎஸ் தேர்வில் கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் பரிசாக நினைக்கிறார்கள். இல்லை. இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு யாரும் உங்களை கலெக்டர் ஆக்க மாட்டார்கள். படித்து முடித்தவர்கள் போவது ஆய்வு நிறுவனங்கள், அறக்கட்டளைகள், உலக வங்கி மாதிரியான அமைப்புகள், கன்சல்டிங் நிறுவனங்கள், அரசுத் துறைகளின் திட்டப் பிரிவுகள் ஆகியவற்றுக்கு. சம்பளம் பிசினஸ் பள்ளி நண்பர்களின் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இதை இப்போதே மனதில் போட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.

இங்கே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? ஒரு உதாரணம். தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதற்கட்டத்தில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள் மட்டும். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி வைத்து மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரித்தார்கள். நல்ல திட்டமா என்று கேட்டால் டீக்கடையில் எல்லோரும் பதில் சொல்வார்கள். கொள்கைப் பள்ளியில் கேட்கும் கேள்வி வேறு: நல்ல திட்டம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ஒரு வருட இடைவெளியில் சில பள்ளிகளில் உப்புமா கிடைத்தது, சில பள்ளிகளில் கிடைக்கவில்லை. அப்படியானால் இரண்டு வகைப் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டையும் ஒப்பிடலாமா? ஒப்பிடலாம், ஆனால் முதற்கட்டப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்காவிட்டால், அவை ஆரம்பத்திலேயே மற்ற பள்ளிகளிலிருந்து வித்தியாசமானவையாக இருந்திருக்கலாம் அல்லவா? இந்த "அல்லவா"வில் உங்களுக்கு ஒரு சுவாரசியம் தட்டினால் விண்ணப்பியுங்கள். "எதற்கு இவ்வளவு நோண்டுறாங்க, பசிச்ச பிள்ளைக்குச் சோறு போட்டா போதாதா" என்று எரிச்சல் வந்தால், அதுவும் நியாயமான உணர்ச்சிதான், அதற்கு ஏற்ற களப்பணி நிறைய இருக்கிறது, கடன் வாங்கி இரண்டு வருடம் புள்ளியியல் படிக்க வேண்டாம்.

எப்போது தொடங்குவது?

செப்டம்பரில் வகுப்பு என்றால், அதற்கு முந்தைய வருடம் மார்ச் மாதமே தொடங்க வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளின் கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் முதல் ஜனவரி வரை வந்துவிடும். உதவித்தொகைகளின் தேதி இன்னும் முன்னால். பிரிட்டனின் செவனிங் ஆகஸ்டில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடிவிடும், அமெரிக்காவில் படிக்க இந்தியர்களுக்குத் தரும் ஃபுல்பிரைட்-நேரு மாஸ்டர்ஸ் அதற்கும் முன்பே, கோடையிலேயே மூடிவிடும். பள்ளிக்கு முதலில் போடலாம், பணத்தை அப்புறம் பார்க்கலாம் என்று நினைத்த முதல் வருடம் எனக்கு இரண்டு உதவித்தொகைகள் கண்ணெதிரே போயின.

எந்தப் பள்ளிகள்?

தரவரிசைப் பட்டியலை மூடி வையுங்கள். இரண்டு கேள்விகள் போதும்: கணக்கு எவ்வளவு ஆழம், பணம் யார் தருகிறார்கள்.

கணக்கு என்று பார்த்தால் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் பள்ளி கனமானது, வகுப்பு தொடங்கும் முன்பே கணக்குக்கும் கோடிங்குக்கும் முகாம் வைத்துவிடுவார்கள். கார்னகி மெலனின் ஹைன்ஸ் கல்லூரி தரவுப் பக்கம். ஹார்வர்டு கென்னடி பள்ளிக்குள்ளேயே பல பட்டங்கள் இருக்கின்றன, இதைக் கவனிக்காமல் "ஹார்வர்டு" என்று மட்டும் பார்த்துப் போடுகிறவர்கள் உண்டு. அங்கே சர்வதேச வளர்ச்சிக்கான பட்டம் கிட்டத்தட்ட பொருளாதாரப் படிப்பு, கால்குலஸ், நுண்பொருளியல், பேரியல் பொருளியல் எல்லாம் முன்பே படித்திருக்க வேண்டும், எம்.பி.பி. அந்த அளவுக்குக் கேட்காது. அங்கேயே, பல வருடம் வேலை பார்த்துவிட்டு வருபவர்களுக்கான ஒரு வருடப் பட்டத்துக்கு ஏழு வருட அனுபவம் வேண்டும். பெர்க்லியின் கோல்ட்மன் பள்ளி 1969-லேயே தொடங்கியது, இத்துறையின் மூத்த பள்ளிகளில் ஒன்று.

பணம் என்று பார்த்தால் பிரின்ஸ்டன் தனி ரகம். அங்கே இரண்டு வருட முதுநிலைப் படிப்பில் சேர்கிற எல்லோருக்கும் கல்விக் கட்டணத்தைப் பள்ளியே ஏற்கிறது. அதனாலேயே வகுப்பு சிறியது, போட்டி கடுமை. விண்ணப்பத்தோடு நான்கு பக்கத்துக்குள் ஒரு கொள்கைக் குறிப்பும் கேட்பார்கள், அதாவது ஒரு பிரச்சினைக்கு என்ன செய்யலாம் என்று பரிந்துரைக்கும் குறிப்பு. அது கிடைக்காவிட்டாலும் அந்தக் குறிப்பை எழுதிப் பாருங்கள், மற்ற எல்லாக் கட்டுரைகளும் அதற்குப் பிறகு தேறும்.

அமெரிக்காவையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. சிங்கப்பூரின் லீ குவான் யூ பள்ளி 2004-ல் தொடங்கியது, எம்.பி.பி. இரண்டு வருடம், ஆசிய நாடுகளின் பிரச்சினைகளை ஆசியாவில் உட்கார்ந்து படிக்கலாம், வீட்டுக்கு நாலு மணி நேர விமானம். ஆக்ஸ்ஃபோர்டின் பிளவட்னிக் பள்ளியில் எம்.பி.பி. ஒரே வருடம். ஜெர்மனியில் பெர்லினின் ஹெர்டி பள்ளி, எர்ஃபுர்ட்டின் வில்லி பிராண்ட் பள்ளி இரண்டிலும் ஆங்கிலத்திலேயே படிக்கலாம்.

இந்தியாவிலேயே படிப்பதைக் குறைவாக நினைக்காதீர்கள். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் 2014 முதல் எம்.பி.பி. இருக்கிறது, அவர்களே நடத்தும் நுழைவுத் தேர்வு. ஐஐடி பம்பாய், ஐஐடி டெல்லி இரண்டிலும் கொள்கைப் படிப்பு உண்டு. நீங்கள் கடைசியில் சென்னையிலோ டெல்லியிலோதான் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்றால், அங்கே கிடைக்கும் வகுப்புத் தோழர்கள் வெளிநாட்டுச் சான்றிதழைவிட அதிகம் உதவக்கூடும்.

மொத்தம் ஐந்து, மிஞ்சினால் ஏழு. அதற்கு மேல் போட்டால் எல்லாக் கட்டுரையும் ஒரே கட்டுரையாகிவிடும்.

அனுபவமும் கணக்கும்

கல்லூரி முடித்தவுடன் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முடியும், வேண்டாம். இரண்டு மூன்று வருடம் எங்காவது வேலை பாருங்கள். செவனிங்குக்கு இரண்டு வருடம், அதாவது 2,800 மணி நேர வேலை அனுபவம் கட்டாயம். ஃபுல்பிரைட்-நேருவுக்கு மூன்று வருடம். ஆக, காத்திருந்தால் பணத்துக்கான கதவும் சேர்ந்து திறக்கிறது.

வேலை அரசுத் துறையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பஞ்சாயத்துகளோடு வேலை செய்யும் தொண்டு நிறுவனம், கள ஆய்வுக் குழு, பத்திரிகை, ஏன், ஐடி கம்பெனியில் ஒரு அரசுத் திட்டத்துக்கு மென்பொருள் எழுதிய அனுபவம்கூடச் சரிதான். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல வாசல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம், 2022-ல் வந்தது, திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தினார்கள், இளைஞர்களை இரண்டு வருடம் அரசுத் திட்டங்களோடேயே வேலை பார்க்க வைக்கும். இன்னொரு வாசல் ஜே-பால் மாதிரியான ஆய்வு அமைப்புகளின் களப்பணி. வெயிலில் அலைச்சல் அதிகம், ஆனால் கேள்வித்தாள் தயாரிப்பது முதல் தரவைச் சுத்தம் செய்வது வரை கையாலேயே கற்றுக்கொள்வீர்கள்.

கணக்கு விஷயத்தில் நம்மவர்கள் இரண்டு கட்சி. பொறியியல் படித்தவர்களுக்குக் கணக்குப் பயம் இல்லை, ஆனால் பொருளாதாரம் ஒரு தாள்கூடப் படித்திருக்க மாட்டார்கள். கலைப் பிரிவினருக்கு நேர் எதிர். எந்தப் பக்கம் ஓட்டையோ அந்தப் பக்கம் ஒரு இணையப் படிப்பை முடித்து மதிப்பெண்ணோடு காட்டுங்கள். எம்ஐடி இணையத்தில் நடத்தும் மைக்ரோமாஸ்டர்ஸ் ஒன்று இதற்கென்றே இருக்கிறது, நோபல் பரிசு வாங்கிய பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ பாடங்கள் அதில் உண்டு. ஒரு தாள், இரண்டு தாள் எடுத்தாலே போதும். தேர்வுக் குழு உங்களை மேதையா என்று பார்க்கவில்லை, முதல் செமஸ்டரில் மூழ்கிவிடுவீர்களா என்றுதான் பார்க்கிறது.

கட்டுரை

இங்கேதான் நான் முதல் முறை கோட்டை விட்டேன். என் முதல் கட்டுரையின் முதல் வரி, சொல்லவே கூச்சமாக இருக்கிறது: சிறு வயதிலிருந்தே ஏழைகளுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் கனவு. அடுத்த பத்தியில் அப்துல் கலாம். அதற்கடுத்த பத்தியில் ஊழல். கடைசிப் பத்தியில் அந்தப் பள்ளியின் "உலகத்தரம் வாய்ந்த பேராசிரியர்கள்". பள்ளியின் பெயரை மாற்றி ஆறு இடத்துக்கும் அதையே அனுப்பினேன். படித்தவர்கள் கொட்டாவி விட்டிருப்பார்கள்.

இரண்டாவது முறை எழுதியது ரேஷன் கடையைப் பற்றி. அப்போது விழுப்புரம் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தேன். கைரேகை இயந்திரத்தில் விரல் வைத்து வைத்து, ரேகை விழாமல், "நாளைக்கு வா பாட்டி" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களைத் தினமும் பார்த்தேன். எல்லோரும் வயல் வேலை, செங்கல் சூளை வேலை பார்த்துத் தேய்ந்த விரல்கள். ஒரு மாதம் கடை வாசலில் உட்கார்ந்து எத்தனை பேர் முதல் தடவையிலேயே வாங்கினார்கள், எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று நோட்டில் கோடு போட்டேன். பிறகுதான் உறைத்தது, என் கணக்கில் கடைக்கு வந்தவர்கள் மட்டும் இருக்கிறார்கள், அலுத்துப்போய் வருவதையே நிறுத்திவிட்டவர்கள் அதில் இல்லை. அவர்களை எப்படி எண்ணுவது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டுரையில் இதைத்தான் எழுதினேன். நான் எண்ணியதை, எண்ண முடியாமல் போனதை, அதை எண்ணக் கற்றுத்தரும் எந்தப் பாடம் அந்தப் பள்ளியில் இருக்கிறது என்பதை.

கட்டுரைக்கு இதைவிடப் பெரிய ரகசியம் எதுவும் எனக்குத் தெரியாது. நீங்கள் கிட்டத்தில் நின்று பார்த்த ஒரு பிரச்சினை, அதில் நீங்கள் செய்த ஏதோ ஒரு வேலை, எந்த இடத்தில் உங்கள் அறிவு முட்டி நின்றது, அந்த முட்டலைத் தாண்ட இந்தப் பள்ளி எப்படி உதவும், படித்துவிட்டு எந்த வேலைக்குப் போவீர்கள். பிரச்சினை சிறியதாக இருக்கட்டும், பரவாயில்லை. "இந்தியாவின் வறுமை" என்று எழுதினால் கட்டுரை காற்றில் பறக்கும், "எங்கள் ஊராட்சியில் நூறு நாள் வேலைக்கான சம்பளம் ஏன் தாமதமாகிறது" என்று எழுதினால் தரையில் நிற்கும்.

கொள்கைக் குறிப்பு கேட்டால் இன்னும் இறுக்கம் வேண்டும். முதல் பத்தியிலேயே பரிந்துரையைச் சொல்லிவிட வேண்டும், நாவல் மாதிரி கடைசிவரை ஒளித்து வைக்கக் கூடாது. யாருக்கு எழுதுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள், "அரசு" என்று ஒரு ஆள் இல்லை. உணவு வழங்கல் துறைச் செயலருக்கா, மாவட்ட வழங்கல் அலுவலருக்கா? இரண்டு மூன்று மாற்று வழிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு, யார் முட்டுக்கட்டை போடுவார்கள் என்று சொல்லி, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எண்ணோடு பேசுவது எப்படி என்று பார்க்க, இல்லம் தேடிக் கல்வி பற்றிய ஆய்வைப் படியுங்கள். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளை வைத்துச் செய்தது. கொரோனா காலத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டது, அந்த மீட்சியில் 24 சதவீதம் அந்த மாலை நேர வகுப்புகளால் என்று பிரித்துச் சொல்கிறார்கள். முழுப் பெருமையையும் திட்டத்துக்குக் கொடுக்காமல் இவ்வளவுதான் என்று கோடு கிழிப்பது இருக்கிறதே, அந்தத் தொனி உங்கள் குறிப்பிலும் வர வேண்டும்.

பரிந்துரைக் கடிதம்

"சார், ஒரு ரெக்கமண்டேஷன் லெட்டர் வேணும்." "சரிப்பா, நீயே டைப் பண்ணி எடுத்துட்டு வா, கையெழுத்துப் போடுறேன்." நம் கல்லூரிகளில் இந்த உரையாடல் நடக்காத நாளில்லை. இதில் இரண்டு சிக்கல். ஒன்று, கடிதம் இப்போது காகிதத்தில் போவதில்லை, பரிந்துரைப்பவரின் மின்னஞ்சலுக்குப் பள்ளியே நேராக இணைப்பு அனுப்பும், அது கல்லூரி முகவரியாக இருந்தால் நல்லது. இரண்டு, நீங்களே எழுதிய மூன்று கடிதமும் ஒரே குரலில் இருக்கும், வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் படிக்கிறவர்களுக்கு அது மூன்றாவது வரியில் தெரிந்துவிடும், நேர்மையும் அடிபடும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒரு பக்கத்தில், அவரிடம் நீங்கள் என்ன படித்தீர்கள், என்ன பிராஜெக்ட், அவர் எதைப் பாராட்டினார், எதைத் திருத்தச் சொன்னார் என்று நினைவூட்டிக் கொடுங்கள். எழுதுவது அவர் வேலை. துறைத் தலைவர், முதல்வர், தெரிந்த எம்.எல்.ஏ. என்று பெரிய பதவியாகத் தேடாதீர்கள். உங்களோடு தினமும் களத்துக்கு வந்த மேற்பார்வையாளர் எழுதும் அரைப் பக்கம் அதைவிடக் கனம். ஆறு வாரம் முன்பே கேளுங்கள், இரண்டு வாரம் முன்பு ஒருமுறை, மூன்று நாள் முன்பு ஒருமுறை நினைவூட்டுங்கள். "மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று தொடங்கினால் யாரும் கோபிப்பதில்லை.

மார்க்ஷீட், தேர்வுகள், ரெசுமே

டிரான்ஸ்கிரிப்ட் என்பது நம் மார்க்ஷீட் ஜெராக்ஸ் அல்ல, எல்லாப் பாட மதிப்பெண்ணையும் சேர்த்துப் பல்கலைக்கழகமே தரும் பதிவு. இணைப்புக் கல்லூரியில் படித்தவர்கள் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும், ஆகவே ஜூலையிலேயே போடுங்கள். மதிப்பெண் சராசரி பத்துக்கு எவ்வளவோ அதையே எழுதுங்கள், நீங்களாக நான்குக்கு மாற்றிக் கணக்குப் போடாதீர்கள். அரியர் இருந்திருந்தால் மறைக்க வேண்டாம், கூடுதல் விளக்கத்துக்கான பெட்டியில் இரண்டு வரி, புலம்பல் இல்லாமல். மூன்று வருட டிகிரியை எல்லா வெளிநாட்டுப் பள்ளிகளும் ஏற்பதில்லை, பட்டியல் போடும்போதே மின்னஞ்சலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மேற்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான ஜிஆர்இ 2023 செப்டம்பருக்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான தேர்வாகிவிட்டது. மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். பல பள்ளிகள் இப்போது கட்டாயமில்லை என்கின்றன. என் கருத்து, கல்லூரியில் கணக்கு மதிப்பெண் சுமாராக இருந்தால் எழுதுங்கள், கணக்குப் பகுதியில் நல்ல மதிப்பெண் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும். ஏற்கெனவே வலுவாக இருந்தால் அந்த நேரத்தைக் கட்டுரைக்குக் கொடுங்கள். ஆங்கிலத் தேர்வுகளான ஐஇஎல்டிஎஸ், டோஃபல் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், ரொம்ப முன்னால் எழுதி வைக்காதீர்கள்.

ரெசுமேயில் அப்பா பெயர், புகைப்படம், திருமண நிலை, "மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதியளிக்கிறேன்" எதுவும் வேண்டாம்.

பணம்

அமெரிக்கத் தனியார் பள்ளிகளில் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 60,000 டாலரை ஒட்டி இருக்கிறது, தங்குவது சாப்பிடுவது எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய்க்குப் பக்கம் போய்விடும். இதை முழுக்கக் கடனாக வாங்கி, அப்பாவின் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து, இந்தத் துறைச் சம்பளத்தில் அடைக்க முயல்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த வருடம் மறுபடி போடுவது அதைவிட மலிவு.

தேட வேண்டிய இடங்கள்: ஃபுல்பிரைட்-நேருவின் துறைப் பட்டியலில் பொது நிர்வாகம் இருக்கிறது. செவனிங் ஒரு வருடப் படிப்புக்கு முழுச் செலவும் தரும், மூன்று படிப்புகளைக் குறிப்பிட வேண்டும், முடித்துவிட்டு இரண்டு வருடம் ஊரில் இருக்க வேண்டும்; இலங்கையில் இருப்பவர்களும் போடலாம். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் நடத்தும் ஹெல்முட் ஷ்மிட் திட்டம் கொள்கைப் படிப்புக்கென்றே உள்ளது, வில்லி பிராண்ட் பள்ளி அதில் அடக்கம், முன்னதாக ஜெர்மன் மொழி வகுப்பும் அவர்களே நடத்துகிறார்கள், நம்மூரில் பாதிப் பேருக்கு இதன் பெயரே தெரியாது. பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது, ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசும் தனியாக அயல்நாட்டு உயர்கல்விக்கு உதவுகிறது. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றை இ-சேவை மையத்தில் முன்பே எடுத்து வையுங்கள். விண்ணப்பக் கட்டணத்தைக்கூட விலக்கு கேட்டு எழுதலாம், சில பள்ளிகள் அறிமுகக் கூட்டத்தில் கலந்துகொண்டாலே தள்ளுபடி செய்துவிடும்.

முடிவு வந்த பிறகு

பிப்ரவரி, மார்ச்சில் கடிதங்கள் வரும். இரண்டு இடம் கிடைத்து, பிடித்த இடத்தில் பணம் குறைவென்றால் பேரம் பேசலாம். ஆமாம், பேசலாம். எனக்கே முதலில் நம்பிக்கை இல்லை, காய்கறிக் கடையா என்று தோன்றியது. பிடித்த பள்ளிக்கு நாலு வரி எழுதுங்கள்: உங்களிடம் வரத்தான் ஆசை, இன்னொரு பள்ளி இவ்வளவு தருகிறது (கடிதத்தை இணையுங்கள்), எனக்கு இவ்வளவு இடைவெளி இருக்கிறது, மறுபரிசீலனை செய்ய முடியுமா? கேட்டதற்காக யாரும் இடத்தைப் பறிப்பதில்லை. எனக்கு ஒரு பள்ளி முடியாது என்றது, இன்னொன்று ஒன்பது நாள் கழித்துக் கொஞ்சம் கூட்டித் தந்தது.

முன்பணம் கட்டுமுன் அந்தப் பட்டம் அமெரிக்காவில் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பிரிவில் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் படிப்புக்குப் பிறகான 12 மாத வேலை அனுமதியோடு இன்னும் 24 மாதம் நீட்டிக்க முடியும், கடன் இருப்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். மாணவர் விசாவுக்காகப் பள்ளி அனுப்பும் ஐ-20 படிவம் வந்தவுடன், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணம் கட்டி, விசா தேதிக்கு உடனே பதிவு செய்யுங்கள், சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கோடையில் தேதி கிடைப்பது திருப்பதி தரிசன டிக்கெட் மாதிரி. நேர்காணலில் "என்ன படிக்கப் போகிறாய்" என்று கேட்பார்கள். ரேஷன் கடைக் கதையை இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழகி வைத்திருங்கள், எனக்கு அதற்கு மேல் நேரம் தரவில்லை.